99.9 சதவீதம்: எவ்வளவு நேரத்தில்?

கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த பல பொருட்களின் அட்டையில் ஒரே எண் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சுவர் பெயின்ட், முகக்கவசம், செல்போன் உறை, லிஃப்ட் பொத்தான் மேல் ஒட்டும் தாள் என்று எதை எடுத்தாலும், அதில் செம்பு அல்லது வெள்ளி நானோதுகள் கலந்திருப்பதாகவும் அது வைரஸ்களை 99.9 சதவீதம் அழிப்பதாகவும் அச்சிட்டிருப்பார்கள். முறையான ஆய்வகத்தில், உலகம் ஏற்றுக்கொண்ட சோதனை முறையில் கிடைத்த எண்ணாகவே அது இருக்கலாம். ஆனாலும் அது பாதி வாக்கியம்தான். எவ்வளவு நேரத்தில் 99.9 சதவீதம்? எந்த ஈரப்பதத்தில்? எந்த வைரஸ்? பூச்சு புதிதாக இருந்தபோதா, பல நூறு முறை துடைத்த பிறகா? வாக்கியத்தின் மறுபாதி இந்தக் கேள்விகளுக்கான பதில்களில் இருக்கிறது. உலோக நானோபூச்சுகளின் அறிவியல் உண்மையானது. பொதுச் சுகாதாரத்துக்கு உதவக்கூடியது. ஆனால் அந்த உதவியைத் தீர்மானிப்பது அழிவின் சதவீதத்தைவிட அழிவின் வேகம். அந்த வேகம் எந்தச் சூழலில் கிடைக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். இந்த அத்தியாயம் அதைத்தான் சான்றுகளோடு நிறுவ முயல்கிறது.

செம்பின் மேல் வைரஸுக்கு என்ன நேர்கிறது

2020 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. நீல்ட்யே வான் டோர்மாலெனும் அவருடைய சகாக்களும் புதிய கொரோனா வைரஸை வெவ்வேறு பரப்புகளில் இட்டு, அது எவ்வளவு காலம் தொற்றும் திறனோடு இருக்கிறது என்று அளந்திருந்தார்கள். பிளாஸ்டிக்கிலும் துருப்பிடிக்காத எஃகிலும் 72 மணி நேரம் வரை தொற்றும் வைரஸைக் காண முடிந்தது. அட்டைப்பெட்டியில் 24 மணி நேரத்துக்குப் பிறகு இல்லை. செம்பிலோ நான்கே மணி நேரத்தில் காணாமல் போயிருந்தது. இன்னொரு வகையில் சொன்னால், வைரஸின் அளவு பாதியாகக் குறைய பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 6.8 மணி நேரமும் எஃகில் 5.6 மணி நேரமும் ஆயின. செம்பில் ஏறத்தாழ 46 நிமிடங்களே ஆயின. நாம் எவர்சில்வர் என்று சொல்லும் பளபளப்பான எஃகு கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிறது. துருவேறாமல், எதனோடும் வினைபுரியாமல் இருப்பதே அதன் சிறப்பு. அந்தச் சிறப்பேதான் வைரஸுக்கும் அங்கே பாதுகாப்பாக அமைகிறது. பச்சை படிந்து மங்கும் செம்பு, மங்குவதற்குக் காரணமான அதே வேதியியலால் வைரஸைச் சிதைக்கிறது.

அந்த வேதியியலைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாரா வார்ன்ஸும் பில் கீவிலும் செய்த ஆய்வுகள் உதவுகின்றன. சாதாரண சளி உண்டாக்கும் 229இ என்ற மனிதக் கொரோனா வைரஸைக் கொண்டு அவர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி, பீங்கான் ஓடு, பிவிசி, எஃகு ஆகியவற்றில் வைரஸ் ஐந்து நாட்களாவது தொற்றும் திறனோடு இருந்தது. விரல்நுனி தொட்டுவிட்டுப் போவதைப் போன்ற மிகச் சிறிய அளவில் செம்புக் கலவைகளின் மேல் இட்டபோது, சில நிமிடங்களிலேயே செயலிழந்தது. செம்பின் பரப்பிலிருந்து பிரியும் அயனிகள் வைரஸின் புரதங்களில் உள்ள கந்தக அணுக்களோடு பிணைந்து அவற்றின் வடிவத்தைக் குலைக்கின்றன. ஒரு மின்சுமை கொண்ட செம்பு அயனியும் இரு மின்சுமை கொண்ட செம்பு அயனியும் மாறி மாறி உருவாகும்போது, ஆக்சிஜனின் மிகத் தீவிரமான வடிவங்கள் தோன்றி வைரஸின் உறையைத் தாக்குகின்றன. கடைசியில் உள்ளே இருக்கும் மரபுப்பொருளே துண்டுதுண்டாகிறது. இந்தக் கடைசிப் படிதான் முக்கியமானது. மரபுப்பொருள் உடைந்த வைரஸுக்கு மீட்சி கிடையாது. வைரஸ் பரப்பில் வெறுமனே ஒட்டிக்கொண்டதால் சோதனையில் அகப்படாமல் போயிருக்கலாம் என்ற ஐயத்துக்கும் இது பதிலாகிறது.

உலோகங்களின் இந்த ஆற்றல் புதிய கண்டுபிடிப்பு இல்லை. சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் நேகெலி, நீரில் கண்டறிய அரிதான அளவு செம்பு கரைந்திருந்தாலே ஸ்பைரோகைரா பாசி செத்துவிடுவதைக் கண்டார். அவர் இறந்த பிறகு 1893ல் வெளியான அந்தக் கட்டுரை, மிகச் சிறிய அளவில் உலோகங்கள் காட்டும் இந்த நச்சுத்தன்மைக்குத் தனிப் பெயரே சூட்டியது. 1983ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபிலிஸ் குன், மருத்துவமனைக் கதவுக் குமிழ்களை ஒப்பிட்டு, பித்தளைக் குமிழ்களைவிட எஃகுக் குமிழ்களில் பாக்டீரியாக்கள் அதிகம் தங்குகின்றன என்று எழுதினார். 2008ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, செம்புக் கலவைகளை பாக்டீரியாவைக் கொல்லும் பரப்புகள் என்று பதிவு செய்தது. 2021 பிப்ரவரியில், 95.6 சதவீதத்துக்குக் குறையாத செம்பு உள்ள கலவைகள் கொரோனா வைரஸையும் இரண்டு மணி நேரத்தில் 99.9 சதவீதம் செயலிழக்கச் செய்கின்றன என்று சொல்ல அனுமதி அளித்தது. அந்த அனுமதி வாசகத்தில் சதவீதத்தோடு நேரமும் சேர்ந்தே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விளம்பரங்களில் முதலில் காணாமல் போவது அந்த நேரம்தான்.

ஏன் நானோ

செம்புத் தகடே இவ்வளவு செய்யும் என்றால் நானோதுகள் எதற்கு? ஒரு காரணம் விலையும் எடையும். மருத்துவமனையின் ஒவ்வொரு கைப்பிடியையும் கட்டிச் செம்பில் வார்ப்பது பெருஞ்செலவு. இன்னொரு காரணம் வடிவியல். பனங்கற்கண்டுக் கட்டியைவிட அதே எடையுள்ள பொடி விரைவில் கரைகிறது, ஏனென்றால் நீரோடு உரசும் பரப்பு பொடியில் அதிகம். உலோகத்திலும் இதே கணக்குதான். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள செம்புக் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே பத்து நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகப் பிரித்தால் மொத்தப் பரப்பு பத்து லட்சம் மடங்காகி 600 சதுர மீட்டரை எட்டுகிறது. அந்த அளவில், துகளில் உள்ள அணுக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று வெளிப்பரப்பிலேயே இருக்கிறது. அயனியாகப் பிரிந்து போகக் கூடியவை இந்த வெளிப்பரப்பு அணுக்கள்தான். ஆகவே மிகக் குறைந்த உலோகத்தைக் கொண்டு, பெயின்டிலோ பாலியூரித்தேனிலோ துணியிலோ கலந்து, அதிக அயனிகளை வெளியிடும் பரப்பை உருவாக்க முடிகிறது. இதன் மறுபக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விரைவில் கரைவது விரைவில் தீர்ந்தும் போகும். நானோதுகளின் பலமும் அதன் ஆயுள் குறைவும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை.

அளவு வேறொரு வகையிலும் பொருந்துகிறது. கொரோனா வைரஸ் ஏறத்தாழ 100 நானோமீட்டர் விட்டமுள்ளது. பத்து நானோமீட்டர் துகள் அதன் மேற்பரப்புப் புரதங்களோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் அளவில் இருக்கிறது. 2005ல் டெக்சாஸ், மெக்சிகோ ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தபோது, எச்ஐவி வைரஸின் மேல் 1 முதல் 10 நானோமீட்டர் வரையுள்ள வெள்ளித் துகள்கள் மட்டுமே ஒட்டியிருந்தன. அவை அமர்ந்திருந்த இடங்களின் ஒழுங்கு, மனிதச் செல்லைப் பற்றிக்கொள்ள வைரஸ் பயன்படுத்தும் புரதக் குமிழ்களின் ஒழுங்கோடு பொருந்தியது. 2020ல் ஜப்பானின் யோகோஹாமா நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பத்து நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள்கள் பத்து லட்சத்தில் 1 முதல் 10 பங்கு செறிவில் கொரோனா வைரஸைத் தடுப்பதாகக் காட்டினார்கள். அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது. செறிவு 20 பங்கை எட்டியபோது சோதனைச் செல்களே பாதிக்கப்பட்டன. வைரஸைத் தடுக்கும் அளவின் மேல் எல்லைக்கும் நம் செல்லுக்குத் தீங்கு செய்யும் அளவுக்கும் உள்ள இடைவெளி அந்தச் சோதனையில் இரண்டே மடங்கு. வெள்ளித் துகளை மருந்தாக உட்கொள்ளலாம் என்ற வாதம் இதோடு வலுவிழக்கிறது. ஆனால் உடலுக்கு வெளியே, பரப்புகளில் பூசுவதை இது தள்ளிவிடாது. பரப்பைப் பற்றிய கேள்வி வேறு.

ஈரமும் உலர்வும்

வெள்ளியைப் பற்றிய இந்தச் சோதனைகள் அனைத்தும் திரவத்தில் நடந்தவை. கதவுக் கைப்பிடியோ உலர்ந்த பொருள். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2009ல் ஹரோல்ட் மைக்கேல்ஸ், நாய்ஸ், கீவில் ஆகியோரின் ஆய்வு காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டது மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா. வெள்ளி அயனி கலந்த பொருளையும் செம்புக் கலவைகளையும் இரண்டு சூழல்களில் சோதித்தார்கள். ஜப்பானியத் தொழில்தரச் சோதனையில் சொல்லியபடி 35 டிகிரி செல்சியஸ் வெப்பம், 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்ற சூழலில், வெள்ளியும் செம்பும் பாக்டீரியாவை லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே குறைத்தன. அறைச் சூழலுக்கு நெருக்கமான 20 டிகிரி, 24 சதவீத ஈரப்பதத்துக்கு மாற்றியதும் செம்பு தன் வேலையைத் தொடர்ந்தது. வெள்ளி ஏறத்தாழ எதுவுமே செய்யவில்லை. காரணம் விளங்கக்கூடியதே. திட வெள்ளியிலிருந்து அயனி பிரிய வேண்டுமானால் அதன் மேல் நீர்ப்படலம் வேண்டும். நீர் இல்லாத இடத்தில் வெள்ளி வெறும் வெள்ளிதான்.

இதனால் வெள்ளி பயனற்றது என்று முடிவு கட்டக் கூடாது. நீர் இருக்கும் இடம்தான் அதன் களம். சென்னை ஐஐடியில் டி. பிரதீப்பின் குழு 2013ல் விவரித்த குடிநீர் வடிப்பான் இதற்கு நல்ல சான்று. கைட்டோசானும் அலுமினியச் சேர்மமும் சேர்ந்த கட்டமைப்புக்குள் வெள்ளி நானோதுகள்களைப் பொதிந்து, அவற்றிலிருந்து நூறு கோடியில் ஏறத்தாழ 40 பங்கு வெள்ளி அயனி மட்டும் சீராக நீரில் கலக்கும்படி அமைத்தார்கள். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் 100 பங்குக்குள் அது அடங்குகிறது. நுண்ணுயிரிகளைக் கொல்லவும் போதுமானது. செம்புப் பானையில் நீர் வைக்கும் நம் ஊர் வழக்கத்தையும் இங்கே நினைக்கலாம். பெங்களூரு ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட ஆய்வில், 16 மணி நேரம் செம்புப் பானையில் வைத்த நீரிலிருந்து காலரா உள்ளிட்ட வயிற்றுப்போக்குக் கிருமிகளை மீட்டு வளர்க்க முடியவில்லை. இந்த இரண்டும் நல்ல முடிவுகள். இரண்டிலும் நீரும் உண்டு, காத்திருக்க நேரமும் உண்டு. பேருந்துக் கம்பியில் இரண்டும் இல்லை. முன்னோர் செம்பில் நீர் வைத்தார்கள், ஆகவே செம்பு நானோ பெயின்ட் அடித்த சுவர் வைரஸிலிருந்து காக்கும் என்று நீளும் வாதம், இந்தச் சூழல் வேறுபாட்டைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறது.

பிளாஸ்டிக், பிற நுண்துளையற்ற பரப்புகள் ஆகியவற்றின் வைரஸ் எதிர்ப்பை அளக்க இன்று உலகெங்கும் பின்பற்றும் முறை, 2019ல் வெளியான ஐஎஸ்ஓ 21702. இதில் வைரஸ் உள்ள துளியைப் பரப்பில் இட்டு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி, 25 டிகிரியில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தில், 24 மணி நேரம் வைக்கிறார்கள். ஆய்வகங்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்ள இத்தகைய சீரான முறை தேவை. அந்த வகையில் இது நேர்மையான அளவுகோல்தான். ஆனால் மூடிய படலத்துக்கு அடியில், நாள் முழுக்க ஈரம் காயாமல் இருக்கும் கைப்பிடி உலகில் எங்கும் இல்லை. அந்தச் சோதனையில் 99.9 சதவீதம் பெற்ற ஒரு பொருள், ஏசி அறையின் உலர்ந்த காற்றில் பத்து நிமிடத்தில் என்ன செய்யும் என்பதை அந்த எண்ணிலிருந்து கணிக்க வழியில்லை. தவறு சோதனையில் இல்லை. ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை வேறொரு கேள்வியின் பதிலாக அட்டையில் அச்சிடுவதுதான் தவறு.

செம்புக்குள்ளும் எல்லா வடிவமும் ஒன்றுபோல் செயல்படுவதில்லை. டோக்கியோவில் கயானோ சுனாதா, கசுஹிதோ ஹாஷிமோதோ ஆகியோரின் குழு 2012ல் திடநிலைச் சேர்மங்களை ஒப்பிட்டபோது, சிவப்பு நிறமுள்ள குப்ரஸ் ஆக்சைடு வைரஸ்களை வேகமாகச் செயலிழக்கச் செய்தது. அதே ஆய்வில் கருநிறக் குப்ரிக் ஆக்சைடும் திட வெள்ளிச் சேர்மங்களும் மிகவும் பின்தங்கின. 2020ல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் வில்லியம் டக்கரின் குழு, குப்ரஸ் ஆக்சைடு துகள்களைப் பாலியூரித்தேன் கொண்டு கண்ணாடியிலும் எஃகிலும் ஒட்டி ஒரு பூச்சை உருவாக்கியது. கொரோனா வைரஸ் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 99.9 சதவீதம் குறைந்தது. 13 நாள் நீரில் ஊறிய பிறகும், வைரஸை இட்டுக் கிருமிநீக்கம் செய்வதைப் பலமுறை திரும்பச் செய்த பிறகும் பூச்சு உரியாமல் நின்றது. இந்த முடிவில் சதவீதமும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, தாங்கும் திறனும் இருக்கிறது. ஒரு பூச்சைப் பற்றி நாம் எதிர்பார்க்க வேண்டிய முழு வாக்கியத்தின் வடிவம் இதுதான்.

தொடுதலுக்கும் தொடுதலுக்கும் இடையே

இப்போது இந்த எண்களை உண்மையான பயன்பாட்டுக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் பொத்தானை இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் வைரஸ் படிந்து, பாதியாகக் குறைய எஃகில் 5.6 மணி நேரமும் செம்பில் 46 நிமிடமும் ஆகும் என்றால், அடுத்தவர் தொடும்போது எஃகில் 99.6 சதவீதம் மிஞ்சியிருக்கும். செம்பில் 97 சதவீதம் மிஞ்சியிருக்கும். நடைமுறையில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் இரவு பூட்டிவிட்டு எட்டு மணி நேரம் கழித்துத் திறக்கும் அறையில், எஃகில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எஞ்சியிருக்கும். செம்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு மணி நேரத்தில் 99.9 சதவீதம் என்ற வர்ஜீனியா பூச்சு, சீராகக் குறைவதாகக் கொண்டால் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை வைரஸைப் பாதியாக்குகிறது. அதிலும் இரண்டு நிமிட இடைவெளியில் ஐந்தில் நான்கு பங்கு நிற்கும். நிஜத்தில் வைரஸ் எப்போதும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. விரல்நுனியிலிருந்து ஒட்டும் மெல்லிய ஈரம் பெரிய துளியைவிட விரைவாகச் செம்பில் வினைபுரிகிறது என்பதும் உண்மை. அந்தத் திருத்தங்களைச் செய்தாலும் கணக்கின் பாடம் மாறாது. பூச்சின் வேகம் தொடுதலின் இடைவெளியைவிட விரைவாக இருந்தால் மட்டுமே, அது அடுத்து வரும் கையைக் காக்கும்.

இன்னொரு கணக்கும் இங்கே வேண்டும். 99.9 சதவீதம் அழிந்தால் ஆயிரத்தில் ஒன்று மிஞ்சுகிறது. பரப்பில் படிந்தது ஆயிரம் வைரஸ் என்றால் மிச்சம் ஒன்று. படிந்தது ஒரு கோடி என்றால் மிச்சம் பத்தாயிரம். சில வைரஸ்களுக்கு அந்தப் பத்தாயிரம் நோயுண்டாக்கத் தாராளமாகப் போதும். ஆகவே ஒரே சதவீதம், வைரஸுக்கு வைரஸ், இடத்துக்கு இடம், முழுப் பாதுகாப்பாகவோ பயனற்றதாகவோ இருக்க முடியும்.

பரப்புகளால் நோய் பரவுகிறதா

உலோகப் பூச்சுகளுக்கு எதிரான மிக வலுவான ஆட்சேபம் இந்தக் கணக்குகளுக்கும் முந்தியது. கொரோனா வைரஸ் பரப்புகளால் பெரிதாகப் பரவுவதே இல்லை என்றால், பரப்பில் பூசுவதால் என்ன பயன்? ரட்கர்ஸ் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் இம்மானுவேல் கோல்ட்மன் 2020லேயே தி லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் இதை எழுப்பினார். ஆய்வகங்களில் பரப்பின் மேல் இட்ட வைரஸின் அளவு, இருமலிலும் தும்மலிலும் உண்மையில் வந்து விழும் அளவைவிட மிக மிக அதிகம் என்று அவர் சுட்டிக்காட்டினார். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள், மாசுபட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டன. கொரோனா முதன்மையாகக் காற்றில் மிதக்கும் நுண்திவலைகளால் பரவுகிறது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். கோவிட்டைத் தடுக்கப் பணம் ஒதுக்கும் ஒரு பள்ளிக்கூடம், வகுப்பறைச் சுவருக்கு நானோ பெயின்ட் வாங்குவதைவிட ஜன்னல்களைத் திறக்கவும் காற்றோட்டத்தைக் கூட்டவும் செலவிடுவதே சரி.

ஆனால் வைரஸ் என்றால் கொரோனா மட்டும்தானா? வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும் நோரோவைரஸ் முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. அதற்குக் கொழுப்பு உறை இல்லை. கடினமான புரதக் கூடு மட்டுமே உண்டு. ஆல்கஹால் கிருமிநாசினி அதன் மேல் சரியாக வேலை செய்வதில்லை. மிகச் சில துகள்களே நோயுண்டாக்கப் போதும். பரப்புகள், கைகள், உணவு ஆகியவை வழியாக அது கப்பல்களிலும் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனை வார்டுகளிலும் வேகமாகப் பரவுகிறது. வார்ன்ஸும் கீவிலும் 2013ல் எலிகளைத் தாக்கும் நோரோவைரஸைக் கொண்டு சோதித்தபோது, 60 சதவீதமும் அதற்கு மேலும் செம்புள்ள கலவைகளில் அது விரைவாகச் சிதைந்தது. செம்பின் பங்கு கூடக் கூட, தொடக்கத்தில் அழிவின் வேகமும் கூடியது. கொழுப்பு உறையைக் கரைப்பதை நம்பியிருக்கும் ஆல்கஹால் தடுமாறும் இடத்தில், புரதத்தையும் மரபுப்பொருளையும் தாக்கும் செம்பு கைகொடுக்கிறது. ஆகவே கோல்ட்மனின் ஆட்சேபம் உலோகப் பூச்சுகளை நிராகரிக்கவில்லை. எந்த நோய்க்கு, எந்த இடத்தில் அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பதையே அது நமக்குத் திருத்திச் சொல்கிறது.

ஆய்வகத்துக்கு வெளியே, நோயாளிகளிடம் பலன் தெரிகிறதா என்பதே கடைசிச் சோதனை. நியூயார்க், சார்ல்ஸ்டன் நகரங்களின் மூன்று மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சை அறைகள் சிலவற்றில் கட்டில் கம்பிகள், உணவு மேசைகள், சலைன் தொங்கவிடும் கம்பங்கள், பார்வையாளர் நாற்காலிகளின் கைகள் உள்ளிட்ட ஆறு பொருட்களைச் செம்புக் கலவையில் அமைத்து, 614 நோயாளிகளைக் கண்காணித்தார்கள். 2013ல் வெளியான முடிவின்படி, மருத்துவமனையில் புதிதாகத் தொற்றிய நோய் 8.1 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தது. பாதிக்கும் மேற்பட்ட குறைவு இது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது. செம்பு கண்ணுக்குத் தெரியும் பொருள் என்பதால், எந்த அறை எது என்பதை ஊழியர்களிடமிருந்து மறைக்க முடியாது. கவனித்த தொற்றுகள் பெரும்பாலும் பாக்டீரியாவால் வருபவை. ஆகவே இது நம்பிக்கை தரும் தொடக்கமே தவிர, வைரஸ் பூச்சுகளுக்கான நிரூபணம் ஆகாது. கட்டிச் செம்புக்கே நிலைமை இது என்றால், அதைவிடக் குறைவான உலோகத்தைக் கொண்ட நானோபூச்சுகள் தங்கள் மதிப்பை இன்னும் கடுமையான மருத்துவ ஆய்வுகளில் நிரூபித்தாக வேண்டும்.

எதிர்ப்புத்திறன், தேய்மானம், கழிவு

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு நேர்ந்தது உலோகங்களுக்கும் நேராதா என்று கேட்பது நியாயம். வைரஸைப் பொறுத்தவரை அச்சம் குறைவு. வைரஸ் பரப்பின் மேல் பெருகுவதில்லை. செல்லுக்குள் மட்டுமே பெருகுகிறது. உலோகம் அதன் ஒரே ஓர் உறுப்பைக் குறிவைப்பதும் இல்லை. புரதம், உறை, மரபுப்பொருள் என்று பல இடங்களில் ஒரே சமயத்தில் தாக்குகிறது. ஆனால் அதே பரப்பில் பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. அவை பெருகவும் கற்கவும் கூடியவை. 1975ல் பாஸ்டனில் தீக்காயப் பிரிவு ஒன்றில், புண்ணுக்குப் பூசிய வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மோனெல்லா பரவியது பதிவாகியிருக்கிறது. பன்றித் தீவனத்தில் செம்பு சல்ஃபேட் கலந்த டென்மார்க்கில், செம்பைத் தாங்கும் மரபணு ஒன்று என்டரோகாக்கஸ் பாக்டீரியாவில் பரவியிருப்பதும், அது வேறு மருந்துகளுக்கான எதிர்ப்போடு சேர்ந்து வருவதும் 2002ல் தெரிந்தது. ஆறுதலான செய்தி என்னவென்றால், இத்தகைய மரபணு உள்ள பாக்டீரியாவும் உலர்ந்த செம்புப் பரப்பில் சற்றுத் தாமதமாகச் சாகிறதே தவிர, தப்பிப்பதில்லை. அபாயம் இருப்பது கொல்லும் பரப்பில் அல்ல, அரைகுறையாகக் கசியும் பரப்பில். தேவையில்லாத இடமெல்லாம் மெல்லிய அளவில் வெள்ளியைத் தெளித்து வைப்பது, கிருமிகளைக் கொல்லாமல் பழக்கப்படுத்தும் வேலையாக முடியக்கூடும்.

அந்தக் கசிவு எங்கே போகிறது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. 2008ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ட்ராய் பென், பால் வெஸ்டர்ஹாஃப் ஆகியோர் நானோ வெள்ளி கலந்த காலுறைகளை நீரில் அலசிப் பார்த்தார்கள். சில காலுறைகள் நான்கே அலசலில் ஏறத்தாழ எல்லா வெள்ளியையும் இழந்தன. சில மிகக் குறைவாகவே இழந்தன. கழிவுநீர் நிலையத்தை அடையும் வெள்ளியின் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத வெள்ளி சல்ஃபைடாகச் சேற்றில் தங்குகிறது என்பது அபாயத்தைக் குறைக்கிறது. செம்புக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. கப்பல்களின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க நெடுங்காலமாகப் பூசிவரும் பெயின்டின் முக்கியப் பொருள், நாம் மேலே பார்த்த அதே குப்ரஸ் ஆக்சைடுதான். படகுகள் நெருக்கமாக நிற்கும் சான் டியாகோவின் ஷெல்டர் ஐலண்ட் துறையில், அந்தப் பெயின்டிலிருந்து கரைந்த செம்பு கடல் உயிர்களுக்குக் கேடு செய்யும் அளவை எட்டியதால், அதைக் குறைக்க அதிகாரிகள் வரம்பு விதிக்க வேண்டியிருந்தது. ஒரு கைப்பிடியில் உள்ள செம்பு அற்பம். லட்சக்கணக்கான சதுர மீட்டர் சுவரிலும் துணியிலும் உள்ளது அற்பமாகாது. காலுறைகளிடையே தெரிந்த பெரும் வேறுபாடு ஒரு நல்ல பாடமும் தருகிறது. உலோகம் எவ்வளவு கசிய வேண்டும் என்பது இயற்கையின் விதி இல்லை. பொறியியலாளரின் கையில் இருக்கும் தேர்வு.

தேய்மானத்துக்கும் இதே பதில்தான். மேலே பூசியது என்றாவது உரியும். வியர்வையின் உப்பும் துடைக்கும் மருந்தும் அதை மாற்றும். அழுக்குப் படலம் உலோகத்துக்கும் வைரஸுக்கும் நடுவே நிற்கும். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் மிங்ஸின் ஹுவாங், லியோ பூன் ஆகியோரின் குழு இதற்கு ஒரு மாற்று வழியைக் காட்டியது. 20 சதவீதம் செம்பை எஃகின் மேலே பூசாமல், உலோகத் தூளாகக் கலந்து எஃகு முழுவதும் பரவச் செய்தார்கள். அந்த எஃகு கொரோனா வைரஸை மூன்று மணி நேரத்தில் 99.75 சதவீதமும் ஆறு மணி நேரத்தில் 99.99 சதவீதமும் குறைத்தது. வேகத்தில் வர்ஜீனியா பூச்சுக்குப் பின்தங்கினாலும், தேயும்போதெல்லாம் அடியிலிருந்து புதிய செம்பு வெளிப்படும் என்பதால் இது நீடிக்கக்கூடியது. வேகமா, ஆயுளா என்ற இந்தப் பேரத்தில் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

எங்கே பூசலாம்

பூச்சு இருக்கிறது என்ற நம்பிக்கையில் கை கழுவுவதையும் துடைப்பதையும் மக்கள் விட்டுவிடுவார்கள் என்பது கடைசி ஆட்சேபம். இது பூச்சின் குறையைவிட அதை விற்கும் வாசகத்தின் குறை. செம்புக் கலவைகளுக்கு அனுமதி தந்த அமெரிக்க முகமையே, அவை வழக்கமான தூய்மைப் பணிக்குத் துணையே தவிர மாற்று இல்லை என்று நிபந்தனை விதித்திருக்கிறது. துப்புரவுப் பணியாளர் இரண்டு முறை துடைப்பதற்கு இடைப்பட்ட நேரத்தில், யாரும் கவனிக்காத மணிகளில், மின்சாரமும் ஆளும் இல்லாமல் தொடர்ந்து வேலை செய்வதுதான் உலோகப் பரப்பின் தனிச்சிறப்பு. இந்தச் சிறப்பு பயன்படும் இடங்கள் நமக்குத் தெரிந்தவையே: நோயாளிக்கும் ஊழியருக்கும் பொதுவான கட்டில் கம்பிகள், வார்டுக் கழிப்பறைகளின் தாழ்ப்பாள்களும் குழாய்களும், முதியோர் இல்லங்களின் கைப்பிடிகள். அங்கே நோரோ போன்ற உறையற்ற வைரஸ்கள் வருகின்றன, பலவீனமான உடல்கள் இருக்கின்றன, தொடுதல்களுக்கிடையே பல நிமிடங்களோ மணிகளோ கிடைக்கின்றன. வீட்டுச் சுவர், செல்போன் உறை, பள்ளிச் சீருடை ஆகியவற்றில் இந்த நிபந்தனைகள் நிறைவேறுவதில்லை. அங்கே பூசுவது பணத்தையும் உலோகத்தையும் சாக்கடைக்கு அனுப்புவதாகவே முடியும்.

பொதுப்பணத்தில் இத்தகைய பூச்சுகளை வாங்கும் எந்த நிர்வாகமும் ஒப்பந்தத்தில் ஐந்து விவரங்களை எழுத்தில் கேட்க வேண்டும். எந்த வைரஸில் சோதித்தீர்கள், அதில் உறையற்ற வைரஸ் ஒன்றாவது உண்டா? அறை வெப்பத்திலும் உலர்ந்த காற்றிலும் பத்து நிமிடத்தில், முப்பது நிமிடத்தில், ஒரு மணியில் எவ்வளவு குறைந்தது? வழக்கமான கிருமிநாசினியால் பல நூறு முறை துடைத்த பிறகு அதே அளவு எவ்வளவு? ஆண்டுக்கு எவ்வளவு உலோகம் நீரில் கரைந்து போகும்? பூச்சின் ஆயுள் முடிந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? நல்ல பூச்சைச் செய்திருக்கும் நிறுவனத்துக்கு இவற்றில் ஒன்றும் கடினமான கேள்வி இல்லை. வர்ஜீனியாவிலும் ஹாங்காங்கிலும் ஆய்வாளர்கள் கேட்கப்படாமலே இவற்றில் சிலவற்றுக்கு விடை தந்திருக்கிறார்கள். சோதனைத் தரங்களை வகுப்பவர்களும், நாள் முழுக்க ஈரம் என்ற சூழலோடு, உலர்ந்த விரல்தொடுதலைப் போன்ற சூழலையும் கட்டாயமாக்க வேண்டும். அப்படிச் செய்தால் மோசமான பூச்சுகள் சந்தையிலிருந்து தாமாக விலகும்; நல்லவை தகுதியான இடங்களுக்குப் போய்ச் சேரும். நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்த்துவைத்த இந்த அறிவு நோயாளிகளுக்குப் பயன்பட வேண்டுமானால், நேரம் குறிப்பிடாத சதவீதத்தை ஏற்க மறுக்க நாம் பழக வேண்டும்.